கீலிக்குப் பக்குவம் போதாது

பிள்ளைகளோடு பேச எனக்கு நன்றாக வரும். கோட்டும் கட்டுக் காகிதமுமாகப் போய் மிரட்டுகிற வக்கீல் இல்லை நான். பையில் எப்போதும் கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட் ஒரு பாக்கெட் வைத்திருப்பேன்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லி ஊர் நிர்வாகமான கவுன்சில் வழக்குப் போட்டால், அந்தப் பிள்ளைகளுக்காக வாதாடுவது என் தொழில். அதில் ஒரு விதி உண்டு. விவரம் புரிகிற பக்குவம் பிள்ளைக்கு இருந்தால், பிள்ளை சொல்வதைத்தான் நான் வாதாட வேண்டும். இல்லையென்றால், நீதிமன்றம் பிள்ளைக்காக நியமித்த கார்டியன் சொல்வதை. பக்குவம் உண்டா என்று பார்த்துச் சொல்வது நான்தான்.

கீலிக்கு அப்போது பதினொரு வயது. தம்பி ஆல்ஃபிக்கு இரண்டு. தம்பியைத் தத்துக் கொடுத்துவிட்டு, அவளை வேறொரு வளர்ப்புக் குடும்பத்தில் விடலாம் என்பது கார்டியன் மோய்ராவின் யோசனை.

கீலி பிஸ்கட்டைத் தொடவில்லை.

"மிஸ், எங்கம்மாவால முடியாது. எந்நேரமும் குடிச்சிட்டுக் கிடக்கும், எனக்கே தெரியும். ஆனா பார்ன்ஸ்லில எங்க டோனா சித்தி இருக்கு. ரெண்டு பேரையும் வெச்சுக்கிறேங்குது. யாராச்சும் போய்க் கேட்டீங்களா?"

"பாக்கலாம்டா செல்லம்."

"எப்ப? ஆல்ஃபியக் கொண்டுபோனப்புறமா?"

சரியான வாயாடி. அந்த வழக்கில் அவ்வளவு தெளிவாகப் பேசிய ஆள் வேறு யாருமில்லை. நீதிபதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மோய்ரா காரில் காத்திருந்தாள். "என்னடி ஹெஸ்டர், என்ன சொல்றா?"

"சித்திகிட்டப் போகணுமாம்."

"போச்சு போ. சித்திய விசாரிக்கப் போனா பன்னெண்டு வாரம் இழுத்துடுமே. ஆகஸ்ட்ல நீ ஃபைலி போன மாதிரிதான்."

ஃபைலி கடற்கரையில் விடுமுறைக்குத் தங்க கேரவன் வண்டி ஒன்று சொல்லி வைத்திருந்தேன். தவிர, வக்கீலைத் தேர்ந்தெடுப்பது கார்டியன்தான். பதினாறு வருஷமாக மோய்ரா என்னையே தேர்ந்தெடுத்தாள். அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சின்னப் பெண் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. "பக்குவம் போதாது" என்று இரண்டு வரி எழுதினேன். மோய்ராவின் அறிக்கையில் "சிறுமி அம்மாவிடம் போக விரும்புகிறாள்" என்று இருந்தது. நான் திருத்தவில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால், கீலியின் அம்மாவும் டோனாவின் பெயரை எடுக்கவில்லை.

ஆல்ஃபிக்கு நல்ல இடம் கிடைத்தது. புதுப் பெயர் வைத்தார்கள். முகவரி யாருக்கும் தரமாட்டார்கள். அக்காவும் தம்பியும் விடைபெற ஒரு மணி நேரம் கொடுத்தோம். அவன் பாதி நேரம் தூங்கிவிட்டான். நான் ஃபைலியில் இருந்தேன், நல்ல வெயில்.

கீலிக்கு இப்போது இருபது வயது. தன் வழக்குக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, வக்கீல்களை விசாரிக்கிற உங்களிடம் என்மேல் புகார் கொடுத்திருக்கிறாள். எட்டுப் பக்கம், ஒரு தேதிகூடத் தப்பில்லை. அத்தனையும் உண்மை, செய்தது நான்தான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எனக்கு ஒரே ஒரு கவலை. இதையெல்லாம் புரிந்துகொள்ளும் பக்குவம் அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டதா? வேண்டுமானால் நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.