நடு முகடு

— கொஞ்சம் தள்ளி உக்காரு ஷ்யாம். நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல.

— டாக்டர் என்ன சொன்னாரு, ஹுதா?

— ரெட்டினா நடுவுல சுட்டுருச்சாம். ஓரம் தெரியும், நடு திரும்ப வராதாம். இடது கண்ணு எனக்குச் சின்னதுலருந்தே மங்கல். உருப்படியா இருந்தது இது ஒண்ணுதான்.

— உங்கப்பாகிட்டச் சொல்லீட்டியா?

— இன்னும் இல்ல. அத்தா கீழ மருந்து வாங்க நிக்கிறாங்க. கட்கில இருக்கற கடையைச் சாத்திட்டு இந்த மழையில தினமும் வர்றாங்க. அரே, அத விடு. நீ எதுக்கு வந்தே? சும்மா ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டு வர்ற ஆளில்ல நீ.

— நாளைக்கு விசாரணைக் கமிட்டி உன்னையப் பாக்க வருது.

— அச்சா. என்ன கேப்பாங்க?

— லேசர் ஓடறப்ப கண்ணுல பாதுகாப்புக் கண்ணாடி ஏன் இல்லைன்னு.

— உன்னையும் கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னே?

— நீயே கழட்டீட்டேன்னு சொன்னேன். அணுவெல்லாம் மஞ்சளா மின்னறதைப் பாக்கணும்னு கழட்டினேன்னு. நம்ம லேப்ல எல்லாரும் பண்றதுதானே. அந்தக் கண்ணாடி தடுக்கறதே மஞ்சளைத்தான். மாட்டீட்டா லேசரும் தெரியாது, அணு சிதறடிக்கிற வெளிச்சமும் தெரியாது.

— பொருத்தமாத்தான் சொல்லியிருக்கே.

— கைடு சார்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னாரு. இல்லைன்னா லேபையே பூட்டீருவாங்களாம். என்ற தீசிஸ் அதோட நின்னுரும். அக்டோபர்ல ஜெர்மனியில சேரணும். என்கூட வர்றதுக்காகப் பாமா வேலையை விட்டுட்டா. கராடியில வாடகை வீட்டைக் காலி பண்றோம்னு சொல்லியாச்சு.

— நான் வேற மாதிரி சொன்னா?

— மிர்ரரைத் தப்பாத் திருப்பி உன்ற கண்ணுல லேசரை விட்டவன் நான்னு ஆயிரும்.

— விட்டது நீதானே.

— தெரியாமப் பண்ணினது, ஹுதா. மூணு நாளா நான் தூங்கலை. ஆனா அணு சிதறடிச்ச வெளிச்சத்துக்கு அன்னிக்கு எடுத்த கிராஃப் சுத்தமா வந்திருக்குது. லேசர் பவர் கம்மியா இருந்தப்ப ஒரே முகடு. ஏத்த ஏத்த மூணாப் பிரிஞ்சிருச்சு. நடுவுல பெருசு, ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு. ஆராய்ச்சிப் பேப்பர்ல உன்ற பேரும் வரும்.

— முதல் பேரா?

— ரெண்டாவது.

— டீக் ஹை. நாலு வருஷம் அந்த மூணுக்காகத்தான் உக்காந்திருந்தேன். இப்ப நேரா பாத்தா ரெண்டு ஓரமும் தெரியும், நடு முகடு தெரியாது. அணுவுக்குப் பரவால்ல ஷ்யாம். எவ்வளவு வலுவா அடிச்சாலும் வெளிச்சத்தை மூணாப் பிரிச்சாவது திருப்பிக் குடுத்துருது. என் கண்ணு வாங்கி வச்சுக்கிச்சு.

— அழுகாத, ஹுதா.

— அழுவேன். அதுக்கு இந்தக் கண்ணு போதும். சரி, கண்ணாடி எங்க இருந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?

— மேசை மேல இருந்துச்சுன்னு சொல்லு.

— மஞ்சளுக்குன்னு நம்மகிட்ட இருந்ததே ஒண்ணுதான். மத்த ரெண்டும் பச்சை லேசருக்கு. அதையும் சொல்லட்டுமா?

— அதெல்லாம் அங்க வேண்டாம். உன்னையக் கும்பிட்டுக் கேக்கறேன்.

— பயப்படாத. நானேதான் கழட்டினேன்னு சொல்லிடுறேன்.

— நெசமாவா?

— அதுல பொய் ஒண்ணும் இல்லையே. நீ மிர்ரரைத் தொடக் குனிஞ்சப்ப, கழட்டி உன் கண்ணுல மாட்டிவிட்டது நான்தானே.