கரையாத சோப்பு

எனக்குச் சர்க்கரை போடாத தேநீர் போதும். சர்க்கரை சிந்தினால் எறும்பு வரும், எறும்பு வந்தால் என் தூக்கம் போகும். நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிற பொருள்களைக் கெடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

பழங்காலப் பொருள்களைக் காப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சிலையைச் செய்தவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும். வந்து மூக்கை நுழைக்க மாட்டான். எங்களிடம் இருப்பதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள். ஓர் ஆணி தளர்ந்தாலும் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அனுமதி வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பொருளைக் கெடுப்பவை என்று எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு: வெளிச்சம், ஈரம், தூசு, பூச்சி. அதில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று கூட்டத்திலேயே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அருங்காட்சியகம் திறந்தபோது முதன்முதலாக வாங்கிய படைப்பின் பெயர் 'எட்டுப் பேருக்கு'. நீளமான மர மேசை. அதன்மேல் எட்டுத் தட்டு, எட்டுக் கோப்பை, எட்டுக் கரண்டி, நடுவில் ஒரு கூஜா. இருபத்தைந்தும் வெள்ளைச் சோப்பு. இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்று எங்கள் இயக்குநர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் இயக்குநர். அதைச் செய்த கலைஞரை, அவர் பக்கத்தில் இல்லாதபோது, நாங்கள் சோப்புக்காரர் என்போம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் குளிர்சாதனம் பழுதாகிவிட்டது. சோப்பு வியர்த்து, ஒரு கோப்பையின் கைப்பிடி என் விரலோடு வந்துவிட்டது. முறைப்படி சோப்புக்காரருக்குக் கடிதம் எழுதினேன். பதிலாக ஒரு தபால் அட்டை வந்தது. 'சோப்புதானே? கரையட்டும்.' பெற்றுப் போட்டதோடு சரி. வளர்ப்பவள் பாடு அவருக்கென்ன தெரியும்.

நானே ஒரு கைப்பிடி செதுக்கி ஒட்டினேன். மறுமாதம் ஒரு விமர்சகர், அந்தக் கைப்பிடியின் வளைவில் கலைஞரின் ஆழ்ந்த தனிமை தெரிவதாக எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செதுக்கியது அது. பக்கத்தில் என் தங்கையும் அவள் கணவரும் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு கடிதம் எழுதுவதை விட்டுவிட்டேன். ஒரு தட்டு வெடித்தது, இன்னொன்று மஞ்சளித்தது, கரண்டிகள் சுருங்கின. அவ்வப்போது பழையதை எடுத்துவிட்டு, அதே மாதிரி புதிதாகச் செய்து வைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. எழுதாமல் விடுவது பொய் எழுதுவது ஆகாது.

"வீட்ல ஒரு தட்டு கழுவச் சொன்னா முதுகு வலிங்கிற. அங்க போயி சோப்பைக் கைக்குழந்தை மாதிரி தொடச்சிக்கிட்டு நிக்கிற. நல்லா இருக்குக்கா உன் நியாயம்" என்பாள் தங்கை. பெற்ற குழந்தையைக்கூட ஐந்து வயதுக்கு மேல் யாரும் அப்படித் துடைப்பதில்லை. நான் துடைத்தேன்.

விழாவன்று காலை சோப்புக்காரர் வந்தார். மேசையை மூன்று முறை சுற்றினார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாம்மா? இருபத்தஞ்சு வருஷம். ஒரு கீறல் இல்ல. கைன்னா இது கை."

"ஆமாங்க" என்றேன்.

"இந்தக் கைப்பிடி மட்டும் கொஞ்சம் சொதப்பிட்டேன்."

அதற்காக நான் வருத்தப்படவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் மாலை நிகழ்ச்சியைச் சொன்னார். ஆறு மணிக்கு, விருந்தினர் எல்லோரும் பார்க்க, மேசைமேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றப் போகிறாராம். "கரையட்டும்னு அப்பவே சொன்னேன்ல? இன்னிக்குத்தான் இது முழுசாகுது." இயக்குநர் ஆகா ஓகோ என்று குதித்தார். தரை வழுக்குமே என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு முறை படித்தேன். கலைஞர் எப்போது வேண்டுமானாலும் தன் படைப்பை 'நிறைவு செய்யலாம்' என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"ஒரு தட்டையாவது விட்டுவைங்க" என்று கெஞ்சினேன். ஆம், கெஞ்சினேன். தட்டு ஒன்றைக் கையால் மறைத்துக்கொண்டு அழுதேன்.

"அட, சோப்புக்குப் போயி யாராவது அழுவாங்களாம்மா?" என்று என் தோளில் தட்டினார்.

அது நான் செய்தது என்று ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருந்தால் போலி என்று மறுநாளே குப்பைக்குப் போயிருக்கும். வெந்நீர் ஊற்றினாலும் மேசை காலி, உண்மையைச் சொன்னாலும் காலி. மிச்சமிருந்தது ஒரே வழி. அமைதியாக யோசித்தால் உங்களுக்கும் அதுதான் தோன்றும்.

தண்ணீர் ஊற்ற நல்ல பாத்திரமாக ஒன்று வேண்டும் என்றார். பின்னால் பூச்சி அறையில் பெரிய பித்தளைப் பாத்திரம் ஒன்று இருக்கிறது, பாருங்கள் என்றேன். இரும்புக் கதவு போட்ட சிறிய அறை அது. புழு அரித்த மரச்சட்டங்களை உள்ளே வைத்து, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துவிடுவோம். மருந்து இல்லை, நாற்றம் இல்லை, பொருளில் கறை படியாது. சிவப்பு விளக்கு எரிந்தால் இருபத்தொரு நாளைக்கு யாரும் கதவைத் தொடக்கூடாது. எங்கள் ஆட்கள் ஒழுங்கானவர்கள், தொட மாட்டார்கள். அவர் உள்ளே போனார். நான் கதவைச் சாத்தி, வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பதிவேட்டில் தேதி, நேரம் போட்டேன். பூச்சியின் வகை என்ற கட்டத்தில் 'கலைஞர்' என்று எழுதினேன். நான் பதிவேட்டில் பொய் எழுதுவதில்லை.

விழா பிரமாதமாக நடந்தது. மேடையில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் இயக்குநருக்கு முகம் வெளுத்தது. பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்து, "அவர் வராமல் இருப்பதே அவருடைய புதிய படைப்பு" என்றார். கைதட்டல் நிற்கவே இல்லை. காலி நாற்காலியோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. இரண்டு பேர் அதன் முன் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் உயிரோடு வந்திருந்தால் இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

அவருடைய மகள் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். "அப்பா இப்படித்தான், சொல்லாம எங்கயாவது போயிடுவாரு. பாத்தா ஒரு போன் பண்ணச் சொல்லுங்கக்கா" என்றார். நல்ல பிள்ளை. சொல்கிறேன் என்றேன். இருபத்தோராம் நாள் விதிப்படி நானே கதவைத் திறந்தேன். உங்களை அழைத்ததும் நான்தான். யாரும் என்னைத் துரத்திப் பிடிக்கவில்லை.

அவர் கையால் செய்தது அந்த மேசையில் எத்தனை மிச்சம் என்று கேட்கிறீர்கள். மேசை தச்சருடையது. கூஜா மட்டும் அவருடையதாக இருந்தது. நான்கு வருடம் முன்பு அதையும் மாற்றிவிட்டேன். உடையவில்லை. மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அதில் கை அவ்வளவாகத் தேறவில்லை என்று பட்டது.

ஆக, ஒரு கலைஞனின் படைப்பைக் காப்பாற்றத்தான் அந்தக் கலைஞனைக் கொன்றேன். எனக்கென்று எதையும் கேட்கவில்லை. சுவரில் இருக்கிற பெயர்ப்பலகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இறந்த வருடத்தைச் சேர்க்க வேண்டும்; எப்படியும் புதிதாகத்தான் அடிப்பார்கள். அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்திருக்கிறேன்.