கோப்புறையின் உரிமையாளர்

மழை நாளில் பேராதனை வீதியில் வாகனம் நகராது. அதனால் நான் எப்போதும் கொஞ்சம் முந்தியே வேலைக்கு வந்துவிடுவேன். பிந்தி வருபவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை, ஐயா.

கண்டியில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தின் சேர்வரை, அதாவது இணையத்தளம் ஓடும் கணினியை, பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகள் தங்கள் அறிக்கைகளை எங்கள் இணையத்தளத்தில், கைபேசியிலேயே பார்ப்பார்கள். புதிய சேர்வருக்கு மாறியபோது ஒரு அறிக்கையும் ஏறவில்லை. அவை சேரும் கோப்புறை என் பெயரில் இருந்தது. அதில் எழுத இணையத்தளத்துக்கு அனுமதி இல்லை. அது தெரியாமல் நான் வேறெங்கோ பிழை தேடிக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆஸிகா பார்த்தவுடன் கண்டுபிடித்தாள். கோப்புறையை இணையத்தளத்தின் பெயருக்கு மாற்றினாள். எல்லாம் ஏறியது.

"சண்முகநாதன், இந்தப் புள்ளக்கிட்ட கொஞ்சம் படிச்சுக்கோங்க," என்றார் முதலாளி ஸமீம், எல்லோர் முன்னாலும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் கோப்புறையைத் திரும்ப என் பெயருக்கே மாற்றினேன். அறிக்கைகள் மறுபடி ஏறாமல் நின்றன. அவள் செய்த வேலை நிலைக்கவில்லை என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் போதும் என்று நினைத்தேன்.

அன்று மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். மனைவி புஷ்பராணிக்குக் காய்ச்சலாம்.

"ரிப்போட் இன்னும் வரலீங்களே சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?"

ஆய்வுகூடக் கணினியில் அந்த அறிக்கை என் கண் முன்னால் இருந்தது. டெங்கு. உடனே ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வேண்டிய நிலை. நான் வாசித்துச் சொல்லியிருந்தால் அவர் முறைப்பாடு செய்திருக்க மாட்டார். எனக்கு முறைப்பாடுகள் தேவைப்பட்டன.

"அவசரப்படாதேங்கோ," என்றேன். "கடுமையெண்டால் நாங்களே கோல் எடுத்துச் சொல்லுவம்."

அவர் நம்பினார். அடுத்த நாள் முறைப்பாடுகள் வந்தன. நான் நினைத்தபடியே பழி ஆஸிகா மேல் விழுந்தது; அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் கோப்புறையைச் சரிசெய்தேன். முதலாளி என் தோளில் தட்டினார். புஷ்பராணி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள்.

இந்தச் சாவுக்காக ஆஸிகாவை இனி விசாரிக்காதீர்கள், ஐயா. அவள் செய்ததுதான் சரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிட வெட்கம் இன்னொன்று. புஷ்பராணியின் கணவர் நிலையத்துக்கு வந்திருந்தார். என் குரலை அடையாளம் கண்டு, இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க ஒருத்தருதான் சார் மரியாதையாப் பேசுனீங்க."

"பரவாயில்லை அண்ணை," என்றேன். "அது என்ர கடமைதானே."