அடிப்பக்கம் எழுதின தட்டு

சிதம்பரம் அரசு மருத்துவமனை, பெண்கள் பிரிவில் 23.10.2025 அன்று காலை 11.00 மணிக்கு உதவி ஆய்வாளர் திருமதி எழிலரசி அவர்கள் விசாரிக்க நான் சொன்னது:

என் பெயர் மலர்க்கொடி, வயது 47, கணவர் பெயர் லூர்துசாமி (காலஞ்சென்றவர்). கடலூர் திருப்பாதிரிப்புலியூர், வண்டிப்பாளையம் சாலையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். ஒரு பள்ளியின் சத்துணவு மையத்தில் பதினாறு வருடமாகச் சமையலர் வேலை. தினமும் 112 பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதெல்லாம் சும்மா என்பதையும் எழுதச் சொன்னேன்.

என் ஒரே மகள் வினோதினி, வயது 20, பி.காம். இரண்டாம் ஆண்டு. ஒன்றரை வருடமாகச் சோற்றைக் கண்டாலே பயந்துபோய் ஒதுங்குவாள். நான் அதைத் திமிர் என்று நினைத்து, “நாலு நாளு நெசமாவே சோறு கெடைக்காம இருந்தாத்தாண்டி ஒனக்குத் தெரியும்” என்று திட்டியிருக்கிறேன். கல்லூரியில் மயங்கி விழுந்த பிறகு அவளைப் பார்த்த டாக்டர், இது திமிர் இல்லை, வியாதி, உடம்பையும் மனசையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் சில மாதம் தங்க வைத்தால் குணமாகும் என்று சொன்னார்.

இதை என் கணவரின் தங்கை ஜான்சி, வயது 41, என்பவரிடம் சொன்னேன். அவர் நர்ஸ் படிப்பு படித்தவர். கணவர் இறந்த பிறகு எனக்கென்று இருந்த ஒரே துணை அந்த நாத்தனார்தான். சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் சாலையில் உள்ள ‘நிறைகலம் இல்லம்’ என்ற இடத்தில் வார்டனாக இருப்பதாகவும், அங்கே இதே வியாதிக்குப் பெண் பிள்ளைகளைத் தங்க வைத்துப் பார்ப்பதாகவும், வாரம் இரண்டு முறை டாக்டர் வருவதாகவும் சொன்னார். “மாதா சத்தியமா அண்ணி, எம் பொண்ணு மாதிரி பாத்துக்குறேன்” என்றார். வினோதினியும் சம்மதித்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. “ஒடம்பு தேறிட்டு வரேம்மா, வந்து நீ ஆக்குற சாம்பார் சாதத்த உன் பசங்களோட வரிசையில ஒக்காந்து சாப்புடுறேன்” என்று சிரித்தாள். 14.07.2025 அன்று கொண்டுபோய் விட்டேன். அவரவர் தட்டு கொண்டு வரச் சொன்னதால், விளிம்பில் ‘லூ. வினோ’ என்று பேர் வெட்டின எவர்சில்வர் தட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

அதன் பிறகு ஜான்சி, வினோதினி சாப்பிட்டு முடித்த தட்டைப் போட்டோ எடுத்துத் தினமும் என் செல்லுக்கு அனுப்பினார். காலித் தட்டைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன், சந்தோஷத்தில்.

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும் பார்க்க விடுவார்கள். 10.08.2025 அன்று நான் போனபோது, உள்ளே விடுவதற்கு முன் ஜான்சி என்னைத் தனியே அழைத்து, “அவ அழுவா, கூட்டிட்டுப் போன்னு கெஞ்சுவா, நம்பிடாதீங்க. அது வினோ பேசுறது இல்ல அண்ணி, வியாதி பேசுது” என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று தலையாட்டினேன். அதே மாதிரி வினோதினி அழுதாள். டாக்டரே வருவதில்லை என்றாள். இதைத்தானே ஜான்சி சொன்னார் என்று நினைத்துக்கொண்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தேன்.

மறுபடி 14.09.2025 அன்று போனேன். அன்று வினோதினி அழவில்லை. ஜான்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வினோதினி தன் தட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, “ஓரம் நெளிஞ்சி போச்சிம்மா, வேற தட்டு எடுத்துட்டு வா” என்றாள். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் எவ்வளவு நெளிந்திருக்கிறது என்று தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஊக்கால் கீறி, “ரூம்ல பூட்டி வைக்கிறாங்க. நம்பும்மா. கூட்டிட்டுப் போ” என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான். உடனே ஜான்சிக்குப் போன் போட்டேன். அவர் பதறாமல், “இதுவும் வியாதி பண்ற வேலதான் அண்ணி. நீங்க மனசு எரங்குனீங்கன்னா இத்தன நாளு பட்டதெல்லாம் வீணாப் போயிடும்” என்றார். கண்டக்டர் விசிலடித்து இரண்டு இடத்தில் பஸ் நின்றது. நான் இறங்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு போட்டோ வருவது நின்றுவிட்டது. கேட்டால், ஆள் ஜாஸ்தி, நேரமில்லை என்றார். 12.10.2025 அன்று பார்க்கக் கிளம்பியபோது, வீட்டு ஆளைப் பார்த்தால் வியாதி கூடும், இந்த மாதம் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நான் புதுத் தட்டு ஒன்று வாங்கிப் பேர் வெட்டி வைத்திருந்தேன். அவளுடைய பழைய தட்டில் நான் சாப்பிட்டு வந்தேன்.

22.10.2025 அன்று மழையால் பள்ளி விடுமுறை. காலையில் நான் போனில் கொஞ்சம் சத்தம் போட்டதால், பகல் ஒரு மணி அளவில் ஜான்சியிடமிருந்து, “இன்னிக்கு வினோ ஃபுல்லா சாப்ட்டா, பாருங்க” என்று ஒரு போட்டோ வந்தது. விளிம்பில் ‘லூ. வினோ’ என்று வெட்டின காலித் தட்டு. அந்தத் தட்டு அப்போது ரசம் சோற்றோடு என் மடியில் இருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஜான்சியின் புளுகு நூறு நாள் ஓடியிருக்கிறது. பாவி, என் பிள்ளையின் தட்டையே எனக்குக் காட்டி ஏமாற்றினாள்.

கை கழுவிவிட்டு, அந்தத் தட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு அப்படியே பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, மாலை நான்கு மணிக்கு மேற்படி இல்லத்துக்குப் போனேன். ஜான்சி வாசலில் மறித்து, “சொல்லாம கொள்ளாம வரலாமா அண்ணி?” என்றார். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். கடைசி அறை வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்து பார்த்தபோது என் மகள் பாயில் சுருண்டு கிடந்தாள். எழுந்து நிற்கத் தெம்பில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் சோறு காய்ந்திருந்தது. மற்ற அறையில் இருந்த மூன்று பெண்களும், டாக்டர் என்று ஒருவரையும் தாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். ஜான்சி, “எனக்கு மட்டும் என்ன தெரியும், மேல சொல்றத செய்யிறேன்” என்றார். உன்னை நம்பித்தானேடி விட்டேன் என்று கேட்டேன். வினோதினியைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்டோவில் இந்த மருத்துவமனையில் சேர்த்தேன். எடையே தெரியவில்லை. சத்துணவுக் கூடத்தில் நான் இறக்கும் சோற்று அண்டா இதைவிடக் கனக்கும்.

இன்று காலை நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தார். நான், “கண்ணு, இது புடிக்குமா, வேற எதுனா வேணுமா, வாயத் தொறந்து சொல்லும்மா” என்றேன். வினோதினி என்னைப் பார்த்து, “நா சொன்னா, அது நா சொல்றதா, வியாதி சொல்றதா? நீயே ஜான்சி அத்தைக்குப் போன் பண்ணிக் கேட்டுக்க” என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் ஊட்டியபோது நாலு ஸ்பூன் குடித்தாள்.

இத்துடன் முடிக்கலாம் என்று உதவி ஆய்வாளர் மேடம் சொன்னபோது, ஒன்று விட்டுப்போனது, அதையும் சேர்க்க வேண்டும் என்றேன். 14.09.2025 அன்று பஸ்ஸில் நான் ஜான்சிக்குப் போன் மட்டும் போடவில்லை. என்ன எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று அவர் கேட்டதால், தட்டின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே வினோதினியிடமிருந்து ஊக்கைப் பிடுங்கிக்கொண்டு, கடைசி அறைக்கு மாற்றியதாக அங்கே இருந்த மூன்று பெண்களும் என்னிடம் சொன்னார்கள். அதுவரை ராத்திரி மட்டும் பூட்டினார்களாம். அதன் பிறகு பகலிலும் பூட்டினார்களாம். என் மகள் எனக்கு எழுதினாள். நான் அதை ஜான்சிக்குக் காட்டிக் கொடுத்தேன்.

மேடம், “அதெல்லாம் எதுக்கும்மா, நீங்க புகார் கொடுக்கிறவங்க” என்றார். இல்லை, ஜான்சியின் பெயருக்குக் கீழே அதுவும் இருக்கட்டும், நாளைக்கு என் மகள் இதைப் படிக்கும்போது அவள் சொன்னதை நான் நம்பியதாக ஒரு இடத்திலாவது இருக்க வேண்டும் என்று சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

மேற்படி தட்டையும், என் செல்போனையும் ஒப்படைக்கிறேன். தட்டை யாரும் துலக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை மேடம் வாசிக்க முழுவதும் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) லூ. மலர்க்கொடி