சைகோன்ல மாமனுக்கு ஒரு ரூமு

எம்பது பியாஸ்தரா? ஒரு ராவுக்கா? இன்னா முசே, கட்டில தங்கத்துலயா அடிச்சிப் போட்டிருக்கான்? படுத்தா நாந்தான தூங்கணும், அவனா வந்து எனக்கு பதிலா தூங்கப் போறான்? ஆத்தப் பாத்த ஜன்னலு இருந்தா எனக்கின்னா? எங்க பாகூர் ஏரியில இல்லாத தண்ணியா? அதப் பாக்கறதுக்கு எவனும் இதுவரைக்கும் காசு கேட்டதில்ல.

கொஞ்சம் நவுந்து ஒக்காரு. பொட்டிய மடியில வெச்சிக்க, கால்ல இடிக்குது. சைகோன்ல இருந்து கிருமாம்பாக்கத்துக்கு லீவுல வர்ற ஆளு, இந்த வெயில்ல கழுத்துல டை. பஸ்ஸே உன்னத்தான் பாக்குது.

சரி, அதுக்குக் கொறஞ்சது இன்னா இருக்குது, அதச் சொல்லு. ஏன் சிரிக்கற? பாகூர்க்காரன் ஓட்டல்ல ரூமு கேக்கக் கூடாதா? கப்பலுக்கு வழி பண்ணிட்டேன். கழனிய குத்தகைக்கு வுட்டாச்சி. இந்த ரூமு ஒண்ணுதான் பாக்கி. எவனக் கேட்டாலும் ஒண்ணும் தெரியல. எங்க தெருவுல ஒரு பென்சன் பட்டாளத்துக்காரன் இருக்கான். வாயத் தொறந்தா உலகத்தயே சுத்துன கத. ரூமு இன்னா வெலன்னு கேட்டா முழிக்கறான். படுத்ததெல்லாம் பட்டாளத்துக் கொட்டாயில, அவனுக்கு எப்டித் தெரியும்? வில்லியனூர்ல கட வெச்சிருக்காரு மைதீன் பிச்சை, அவரு ஒரு வெல சொன்னாரு. மலிவா இருந்துது, எனக்கும் சந்தோசம். அப்பால வெசாரிச்சா, அது பெரிய சண்டையில ஜப்பான்காரன் அங்க வர்றதுக்கு முந்தி இருந்த வெலயாம்! அத நம்பிப் போயிருந்தா, நடுத்தெருவுல பொட்டி மேல ஒக்காந்திருப்பேன்.

சீனாக்காரன் தெருவுல முப்பதா? இது பேச்சு. சோறு சேத்தியா? சேக்கலியா. மூட்டப்பூச்சி? அது மட்டும் சேத்தியா. நல்ல நாயம்.

மாசக் கணக்குல எடுத்தா கொறைப்பானா? எத்தினி நாளுன்னா… அத அப்பால பேசலாம். மொதல்ல கொறைப்பானான்னு சொல்லு.

அங்க இருக்கற மாரியம்மன் கோயில்ல ஓசியா படுத்துக்கறதா? வாணாம். செட்டியாரு கிட்டங்கித் திண்ணையும் வாணாம். ஓசியில படுத்தேன்னு வையி, பொழுது விடியறதுக்குள்ள எங்க மாப்ள காதுக்குப் போயிடும். மச்சான் வந்திருக்காரு, கோயில் மண்டபத்துல சுருண்டுக்கினு கெடக்காருன்னு சொல்லிச் சொல்லி சிரிப்பான். காசு குடுத்து எடுத்த ரூமாத்தான் இருக்கணும். சாவி எங்கையில இருக்கணும்.

ஆமாம், அவன்தான். சைகோன்ல உங்க தெருவுல இருக்கற சுப்புராயன். பேங்க்கு வாசல்ல காவலு நிக்கறானே, அந்த அதிகாரிதான். எந் தங்கச்சி தனக்கொடியோட வூட்டுக்காரன். தங்கச்சி வூடு இருக்கும்போது ரூமு இன்னாத்துக்கா? நீ நெசமாவே கிருமாம்பாக்கத்துலதான் பொறந்தியா?

கேளு. பிரெஞ்சுக் கொடிய எறக்குன அன்னிக்கி நான் பாகூர் கடத்தெருவுல சரவெடி வெச்சேன். இவன் அப்ப அவங்ககிட்ட போலீசு. தொப்பியக் கழட்டிக் கையில வெச்சிக்கினு சொல்றான், வெடிங்க வெடிங்க, நாளைக்கு சோத்துக்கு எவன் வாசல்ல போயி நிப்பீங்கன்னு. அன்னிக்கிக் காலயில எங்க வூட்டுல தின்ன வாயி கூட அவன் கழுவல! உன் வூட்டு வாசப்படிய மிதிச்சா எம் மீசய எடுத்துக்கடான்னுட்டேன். கூட்டத்துக்கு நடுவுல சொல்லிட்டேன். அவனுக்கு ரோசம். வாயும் வயிறுமா இருந்தவள இட்டுக்கினு கப்பலேறிட்டான்.

அந்த வயித்துல இருந்த பையனுக்குத்தான் இப்ப காது குத்தணும். மாமன் மடி இல்லாம குத்துவாங்களா? நம்ம பக்கம் கோவத்துல இருக்கற மாமன் இன்னா பண்ணுவான்? பக்கத்துத் தெருவுல எவன் வூட்டுலயாவது போயி ஒக்காந்துக்குவான். விசேச வூட்டுல இருந்து தாம்பாளத்தோட வந்து கூப்புடுவாங்க. ரெண்டு வாட்டி வரமாட்டேம்பான். மூணாவது வாட்டி துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு கெளம்பிடுவான். அப்டிப் போனா அது நானா மிதிச்சதா ஆவாது, அவன் வந்து கூட்டிக்கினு போனதா ஆவும். சைகோன்ல நான் ஒக்காந்துக்க எவன் வூடு இருக்குது? அதுக்குத்தான் ரூமு. உங்க தெருவுக்குக் கிட்டத்துல.

என்னிக்கா? நாளு இன்னும் வெக்கல.

இல்ல. பத்திரிக வரல. கடுதாசியும் இல்ல. அஞ்சு வருசமா ஒரு வரி இல்ல. யாரும் கூப்புடல முசே. நானாத்தான் கெளம்பறேன். கூப்புடணும்னு அவங்களுக்குத் தோணற அன்னிக்கி நான் பாகூர்ல இருந்தா ஆவுமா? கப்பலேறி வந்து சேர்றதுக்குள்ள நல்ல நேரம் தாண்டிப் பூடும். அதான் மாசத்துக்கு இன்னா வெலன்னு கேட்டேன்.

இப்ப ஏன் சிரிக்கல? சிரியேன்.

அந்தப் பையன உனக்குத் தெரியுமா? உன் வாசல்லதான் கோலி ஆடுவானா? நெத்தி எங்களாட்டம் ஏறின நெத்தியா? இருக்கும். அவனுக்கு மூணுலயே குத்தியிருக்கணும். இப்ப அஞ்சு நடக்குது.

அவன் காதப் பாத்தியா? குத்தியிருக்குதா?

அவசரமில்ல. நெனச்சிப் பாத்துச் சொல்லு.

குத்தலியா? நல்லாப் பாத்தியா? ரெண்டு காதும் மூளியாத்தான் இருக்குதா?

எனக்குத் தெரியும். தனக்கொடி வேற எவன் மடியிலயும் ஒக்கார வெக்க மாட்டா.

எறங்கு, எறங்கு. ஊரு வந்தது கூடத் தெரியாம எம் மூஞ்சியவே பாத்துக்கினு ஒக்காந்திருக்கான் பாரு, சைகோன் தொர.