முகிலின் நிழலும் மடத்துவெளிக் கிணறும்

பெருமதிப்புக்குரிய தலைவர், அதிபர் குலசிங்கம் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, நாரந்தனையிலிருந்து வந்திருக்கும் எங்கள் சறோஜினிதேவியின் தங்கை மனோகரி அவர்களே, வெயிலையும் பாராமல் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் மடத்துவெளி மக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தப் பாடசாலையில் புவியியல் கற்பித்த செல்வி சறோஜினிதேவி சரவணமுத்து அவர்கள் சென்ற மாதம் நெஞ்சு நோயால் எங்களை விட்டுப் பிரிந்தார். வயது ஐம்பத்தொன்றுதான். மறைந்தவரைப் பற்றிப் பேச அவருடைய நண்பர்களை அழைப்பது வழக்கம். என்னை ஏன் அழைத்தார்கள்? அன்று கிராமசபைத் தலைவராக இருந்த இந்த இளையதம்பி அவரோடு முரண்பட்டவன் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்துதான் அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அறுபத்தாறாம் ஆண்டு. எங்கள் தீவின் இந்தப் பகுதிக் கிணறுகள் எல்லாம் உவர். நல்ல தண்ணீருக்காக எங்கள் பெண்கள் குடத்தோடு ஒன்றரை மைல் நடந்தார்கள். பொதுக்கிணறு ஒன்று வெட்ட அனுமதி கிடைத்தது. எங்கே வெட்டுவது? றோட்டோரமாக என்றேன் நான். இடத்தை முடிவுசெய்யக் கூடிய சபைக் கூட்டத்துக்குச் சறோஜினிதேவி ஒரு படத்தோடு வந்தார். பத்து வருடங்களுக்கு முன் நில அளவைக்காக விமானத்திலிருந்து நேர் கீழாக எடுத்த படம் அது. கொழும்புக்கு எழுதி வரவழைத்திருந்தார்.

“வானத்திலை நிண்டு எடுத்த படத்திலை தண்ணி தெரியுமோ, ரீச்சர்?” என்று கேட்டேன்.

“தண்ணி தெரியாது, தலைவர். ஈரம் நிக்கிற நிலம் கறுப்பாத் தெரியும்” என்று சொல்லி, சின்னவிரல் நகமளவு கறுப்புத் திட்டு ஒன்றைக் காட்டினார்.

சபை அவர் பக்கம் நின்றது. பன்னிரண்டு பேர் ஒன்பது நாள் அந்த இடத்தை வெட்டினார்கள். வந்தது சுண்ணாம்புக் கல். கல்லுக்குக் கீழே வந்த தண்ணீரோ வாயில் வைக்க ஏலாத உவர்.

அவர் இடத்தில் வேறொருவர் இருந்தால் என்ன செய்திருப்பார்? வெட்டியவர்களைக் குறை சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் பேசாமல் இருந்திருப்பார். சறோஜினிதேவி மறுபடியும் கொழும்புக்கு எழுதினார். விமானம் பறக்கும்போது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை நிமிடமளவுதான் போகும். அதனால் முதற் படத்தில் உள்ள நிலத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் இருக்கும். அந்த அடுத்த படத்தைத்தான் வரவழைத்தார். மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டு படங்களையும் சபையின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“கோயில் அசையேல்லை, றோட்டு அசையேல்லை. இந்தக் கறுப்பு மட்டும் அரை அங்குலம் தள்ளி நிக்குது. நிலம் நகராது. இது படத்துக்கு வெளியிலை நிண்ட முகிலின்ரை நிழல். நான் ஒரு படத்தை மட்டும் பாத்துச் சொன்னனான். பிழை என்ரை” என்றார்.

அன்று சிலர் சிரித்தார்கள். அடுத்த நாளே அவருக்கு ‘முகில் ரீச்சர்’ என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவன் நான். மனோகரி அவர்களின் முன்னிலையில் இதைச் சொல்லாமல் என்னால் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. சறோஜினிதேவி வீட்டில் இருந்து அழுததாக, அவரோடு கற்பித்த மீனலோசனி ரீச்சர் பல வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

அன்று சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். பனங்காணிச் சொந்தக்காரி அன்னமுத்து. எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: “தன்ரை பிழையைத் தானே வந்து சொல்லுற ஆளை நான் நம்புவன். ரீச்சர், நீங்கள் திரும்பவும் பாருங்கோ. என்ரை காணியெண்டாலும் வெட்டலாம்.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சறோஜினிதேவி நடக்கத் தொடங்கினார். எத்தனை நாள்? ஒரு முழு வருடம். மீனலோசனி ரீச்சர் அடி குறித்த தடியைப் பிடிக்க, இவர் கமராவைப் பிடித்தார். நாற்பது இடங்கள். மாசியில் எந்த இடத்தில், எந்தத் திசையைப் பார்த்து நின்று எடுத்தாரோ, ஆவணியிலும் மார்கழியிலும் அதே இடத்தில், அதே திசையைப் பார்த்து நின்று எடுத்தார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இடம், திசை, நாள். நாள் எழுதாத படம் ஒருவருக்கும் உதவாது என்று சொல்லுவார். விமானப் படம் சொல்லுவது சரியா பிழையா என்பதைத் தரையில் நின்று எடுத்த படத்திடம் கேட்கவேண்டும் என்பதை அவர் புத்தகத்திலிருந்து படிக்கவில்லை. அந்த உவர்க்கிணறு படிப்பித்தது.

அந்த நாட்களில் நான் பலாலியிலிருந்து விமானத்தில் கொழும்புக்குப் போக நேர்ந்தது. காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கமரா.

“தலைவர், சன்னல் கரையிலை இருங்கோ. தீவுகள் தெரியேக்கை இதை அமத்துங்கோ.”

மூன்று படம் எடுத்தேன். ஒன்றில் விமானத்தின் செட்டை. ஒன்றில் வெறும் வானம். மூன்றாவதில் எங்கள் தீவு சரிந்தபடி விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கிச் சபைக்குக் கொண்டுவந்தார். நேர்ப்படத்தில் தன் வீட்டைக் காணமுடியாதவர்கள், இந்தச் சரிந்த படத்தில் கோயிலையும் பாலத்தையும் உடனே தொட்டுக் காட்டினார்கள். “அளக்கிறதெண்டால் நேர்ப்படம் வேணும். சனத்துக்கு விளங்கவேணுமெண்டால் உங்கடை சரிவுப்படந்தான்” என்றார். கேலி செய்தவனின் கைப்படத்துக்கும் அவர் ஒரு வேலை கொடுத்தார்.

பிறகு, கால் வைத்த இரட்டைக் கண்ணாடி ஒன்றை அடுத்தடுத்த இரண்டு நேர்ப்படங்களுக்கு மேலே வைத்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தட்டையான கடதாசியில் பனைகள் எழும்பி நின்றன. பனைகளுக்கு நடுவே நிலம் ஒரு தட்டுப்போலப் பள்ளமாகக் கிடந்தது. தூர்ந்துபோன பழைய குளம். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்த ஆவணி மாதத்துத் தரைப்படத்தில் அங்கே மட்டும் புல் நின்றது. அது அன்னமுத்துவின் காணி மூலை.

அறுபத்தெட்டு ஆவணியில் வெட்டினோம். பதின்மூன்றாவது அடியில் ஊற்றுக் கண்டது. வெட்டிய வின்சன்ற் வாளியை ரீச்சரிடம் நீட்டினார். அவர் அதை அன்னமுத்துவிடம் கொடுத்தார். அன்னமுத்து குடித்தார். வாயைத் துடைத்தார். “நல்ல தண்ணி” என்றார்.

நாங்கள் எல்லோரும் ஆரவாரித்தோம். சறோஜினிதேவி மட்டும், “இந்தக் கோடை முடியட்டும், பிறகு சொல்லுறன்” என்றார். கோடை முடிந்தது. பதினொரு கோடை முடிந்துவிட்டது. இன்றும் அறுபது குடும்பங்கள் அங்கேதான் அள்ளுகின்றன.

ஊற்றுக் கண்ட அன்று பின்னேரம் அவரிடம் போனேன். “ரீச்சர், நான் உங்களைப் பற்றிக் கதைச்சது பிழை” என்றேன். “ஓம், பிழைதான்” என்றார். பிறகு சிரித்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு மனக்குறையும் இருக்கவில்லை.

அன்பானவர்களே, அவர் விட்டுப்போனது என்ன? முந்நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். அலை கரையை எங்கே அரித்தது, எந்தக் குளம் எப்போது தூர்ந்தது, எந்த வயலில் உப்பு ஏறியது, எல்லாம் நாளோடும் திசையோடும் இருக்கின்றன. அவற்றை இந்தப் பாடசாலைக்கே தருவதாக மனோகரி அவர்கள் இன்று காலை அறிவித்தார். இது அழுது கலைவதற்கான கூட்டமா? இல்லை. வேலை தொடங்குவதற்கான கூட்டம்.

பின்வரிசையில் ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அவர் நெடுந்தீவைச் சேர்ந்த செபமாலை. மாடு வளர்ப்பவர். தங்கள் மாடுகள் குடிக்கும் கேணிகள் வருடா வருடம் முன்கூட்டியே வற்றுகின்றன என்று ரீச்சரிடம் சொல்ல இன்று விடியத் துறையில் வந்து இறங்கியவர், இங்கே வந்துதான் செய்தி அறிந்தார். நான் போய்வாறன் என்று எழும்பியவரை இருத்தி வைத்தோம்.

நெடுந்தீவின் விமானப் படங்களுக்கு மீனலோசனி ரீச்சர் இன்றே எழுதுகிறார். தரைப்படங்களை அவரும் நானும் இந்தப் பாடசாலை மாணவர் ஒருவரும் எடுப்போம். எனக்கு அறுபத்தேழு வயது. தடி பிடிக்க என்னால் ஏலும். இது இந்தச் சபையின் முன்னிலையில் நான் கொடுக்கும் வாக்கு.

செபமாலை, வாற சனிக்கிழமை காலமை நாங்கள் துறையிலை நிப்பம். உங்கடை வள்ளத்திலை மூண்டு பேருக்கு இடம் வையுங்கோ.