நீலக்களியின் மேல் நூறு வீடுகள்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதிய பெருமக்களே, கைப்பிள்ளையோடு வந்து கால்கடுக்க நிற்கும் தாய்மார்களே, ஆற்றுக்கு அஞ்சியே ஆயுளைக் கழிக்கும் அருமைத் தோழர்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் அல்லன், மண் ஆய்வாளன். இருபத்தாறு ஆண்டுகள் இந்தப் பள்ளத்தாக்கில் இரும்புத் துளைப்பானை இறக்கி ஏற்றிக் கைகாய்த்தவன். இந்த மண் என்ன மண்? மேலே முழங்கை ஆழத்துக்கு ஆறு கொணர்ந்து கொட்டிய வண்டல். பொன்னாய்ப் பொலியும் வண்டல். அதற்குக் கீழே? நீலம் பாய்ந்த களிமண். அதில் துருப்போலச் செம்புள்ளிகள். நீர் வந்து, நின்று, வடிந்த தடம் அது. ஈரத்தில் உப்பிப் பெருகும்; வெயிலில் வெடிக்கும். பயிருக்குத் தாய், சுவருக்குப் பகை. "வளமான மண்; உழலாம், மேய்க்கலாம், வீடு கட்டக் கூடாது" என்று அறிக்கை எழுதினேன். மேலிடத்தில் என்ன செய்தார்கள்? "வளமான மண்" என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்து விளம்பரப் பலகையில் ஏற்றினார்கள்.

அதைப் பார்த்து வீடு வாங்கியவர்களில் ஒருத்தி என் தங்கை. "அண்ணா, பலகையில இருக்கிறது நீ எழுதினதாமே. நல்ல மண்ணுதானே?" என்று கேட்டாள்.

என்ன சொன்னேன் தெரியுமா? அவள் புதுச்சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். தையற்காரரான அவள் கணவர், ஜன்னலோரம் மெஷினை எங்கே போடலாம் என்று அடிவைத்து அளந்துகொண்டிருந்தார். அந்த முகங்களைப் பார்த்தேன். "நல்ல மண்ணுதாம்மா" என்றேன்.

மூன்றாம் ஆண்டு மழையில், பட்டப்பகலில், ஆறு உள்ளே வந்தது. தங்கையை மேட்டில் ஏற்றிவிட்டு மாப்பிள்ளை திரும்பினார். "தைக்கக் கொடுத்த துணி ரெண்டு இருக்கு. அடுத்தவங்க துணிம்மா, எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனார். களி இளகியது. கடைக்கால் சாய்ந்தது. சுவர் அவர்மேல் விழுந்தது.

அடக்கம் முடிந்ததும் தங்கை ஒன்றுதான் கேட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். என் வீட்டுக்கு வந்துவிடு என்றேன், வரவில்லை.

இப்போது அதே தாழ்நிலத்தில் இன்னும் நூறு வீடுகள். இந்தக் கூட்டம் முடிவதற்குள் வீடு ஒதுக்க டோக்கன் கொடுக்கத் தொடங்குகிறார்கள். என்ன ஐயா, பின்னாலிருந்து என்ன கேட்கிறீர்கள்? "அப்ப நாங்க எங்க போறது?" நியாயமான கேள்வி. மேட்டைப் பாருங்கள். கெட்டியான சரளை, ஒன்றும் விளையாது, ஒரு சுவரும் சாயாது. அங்கே யார் குடியிருக்கிறார்கள்? சரக்குப் பெட்டிகள். சோறு தரும் மண்ணைச் சிமெண்டால் மூடினோம். சுவர் தாங்கும் மண்ணைக் கிடங்குகளுக்குக் கொடுத்தோம். பெட்டிகள் மேட்டில், பிள்ளைகள் பள்ளத்தில். மாற்றக் கோரி ஏழு முறை மனுக் கொடுத்தேன், ஏழும் திரும்பின. எட்டாவதும் எழுதுவேன், நம்பிக்கை இல்லாமலே.

கைதட்ட வேண்டாம், ஐயா. தட்டுவதற்கான பேச்சு அல்ல இது.

விண்ணப்பித்தவர் பட்டியலில் பதினேழாவது பெயர் என் தங்கையுடையது. களியை அவள் அறிவாள். ஆனால் வேறு கூரை அவளுக்கு யார் தந்தார்? அதோ, கதவோரம் நிற்கிறாள். தங்கச்சி, வேண்டாம்மா. இதைச் சொல்லத்தான் மேடையேறினேன்.

கேட்டுவிட்டாள். கேட்டேன் என்பதுபோலத் தலையசைத்தாள். டோக்கன் வரிசையில் போய் நிற்கிறாள்.

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.